தாகத்துக்குப் பானக்காரம்

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும், வாய் அப்புறம். கறிக்கடைக்காரனுக்கு ஆகாத குணம் இது. கையில் எந்நேரமும் கத்தி இருக்கும். இருபத்திரண்டு வருஷம் கடை நடத்தினேன். கோவில்பட்டியிலிருந்து புதூர் போகிற பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் ஆடு பிடித்து ஞாயிற்றுக்கிழமை விடிய அறுத்துத் தொங்கவிட்டால், பத்து மணிக்கு எலும்புகூட மிஞ்சாது. கறி மடிக்க வாங்கிப் போடும் பழைய பேப்பரை ஒரு தாள் விடாமல் படித்துவிட்டுத்தான் மடிப்பேன். படிக்கிற கிறுக்கும் எழுதுகிற கிறுக்கும் அப்படி ஒட்டிக்கொண்டவை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான், அவள், என் கோபம் என்று மூன்று பேர். அவள் குளத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் வேலை பார்த்தவள். உள்ளங்கால் இன்னும் பலகை போல இருக்கும். நான் அடித்தால் அழ மாட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓயாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு. உரித்த ஆட்டைத் தூக்கி மாட்ட முடியவில்லை. ரத்தம் பார்த்ததில் எச்.ஐ.வி. என்றார்கள். எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். வந்த வழி எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், மூன்றாவது ஆளுக்கு அது தேவையில்லை. அவளுக்கும் பார்த்தார்கள். அவள் ரத்தத்தில் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று, "இனிமே என்ன செய்யணுமாம்?" என்று மட்டும் கேட்டாள். மாத்திரை சாப்பிட வேண்டும், தினமும், ஆயுசுக்கும் என்றேன். "அப்பிடின்னா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மருந்துக்கு நான் பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். உள்ளூர் ஆள் ஒருத்தன் என்னை அந்த வரிசையில் பார்த்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி விற்காது. விரலை வெட்டிக்கொள்ளாத கறிக்கடைக்காரன் உலகத்தில் உண்டா? அதோடு எனக்கு இன்னொரு பதவியும் இருந்தது. எங்கள் குலசாமி கருப்பசாமி, கொடை என்கிற கோயில் திருவிழாவுக்குத் திருவிழா என் மேல்தான் இறங்குவார். அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்த சாமியாட்டம். எனக்குப் பிறகு சித்தப்பா மகனுக்குப் போகும். அவன் என்னைவிட நாலு வயது சின்னவன். அந்த நாலு வயதை அவன் ஒருநாளும் மன்னித்ததில்லை. நான் காய்ச்சலில் நொந்து கிடந்த வருஷம் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஒங்க உடம்புக்கு அரிவாள் கனக்கும். இந்தத் தடவ நான் வேணா ஆடுதேன்" என்றான். பாயிலிருந்து எழுந்து அவன் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினேன். அந்தத் தடவை எலும்பும் தோலுமாக நானே ஆடினேன்.

மாத்திரை தினமும் ஒன்று, பெரிய மாத்திரை. மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்த டப்பாவிலிருந்து எடுத்து விழுங்குவேன். முதல் மாதம் தலை கிறுகிறுத்தது. இரண்டாவது மாதம் பசிக்க ஆரம்பித்தது பாருங்கள், பூதம் புகுந்த பசி. ஒரு வேளைக்கு மூன்று வேளைச் சோறு. ஐந்து மாதத்தில் பதினைந்து கிலோ ஏறினேன். கன்னம் திரண்டது, தொப்பை விழுந்தது, பழைய சட்டைகளில் பொத்தான் மாட்ட முடியவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ள கணக்கா இருக்கீய. வீட்ல என்ன போடுதாவ?" என்று கேட்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஊர் என்னைச் சீக்காளி என்று பேசியதெல்லாம் அந்தத் தொப்பைக்குள் மறைந்துவிட்டது என்று நினைத்தேன். வேண்டுமென்றே பனியனோடு கடையில் உட்காருவேன்.

டாக்டரம்மாவுக்கு அந்தத் தொப்பை பிடிக்கவில்லை. எடை மிஷினைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இந்த மாத்திரை சிலருக்கு வெயிட் போடும். சிலருக்குச் சர்க்கரையும் ஏறும். உங்களுக்குச் சர்க்கரை எல்லையில நிக்குது. இனிப்பைத் தொடாதீங்க. ரெண்டு வாரத்துல வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடுங்க" என்றார். ஒல்லியாக இருந்தாலும் குற்றம், தடியாக இருந்தாலும் குற்றமா என்று எனக்குச் சுள்ளென்றது. சித்திரைக் கொடை இருக்கிறது, பதினைந்து நாள் விரதம், முடிந்து வருகிறேன் என்றேன்.

"விரதத்துல என்ன சாப்பிடுவீங்க?"

"ஒண்ணுஞ் சாப்பிட மாட்டேன்."

நான் பொய் சொல்லவில்லை. காப்புக் கட்டிய சாமியாடி சோறு தொட மாட்டான், உப்பு தொட மாட்டான். காலையில் கருப்பட்டி போட்ட பால். மத்தியானம் ஒரு சீப்பு நாட்டுப்பழம். நாக்கு வறளும்போதெல்லாம் வெல்லமும் புளியும் கரைத்த பானக்காரம். சாயங்காலம் வெல்லம் போட்டுப் பிசைந்த அவல். அதையெல்லாம் சாப்பாடு என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் கணக்கில் வைப்பதில்லை. அது சாமிக்குரியது, சுத்தம். சுத்தமான பண்டம் உடம்பைக் கெடுக்கும் என்று எனக்கு எங்கே தோன்றும்? டாக்டரம்மா எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, "பட்டினியும் கிடக்காதீங்க, மாத்திரையும் விடாதீங்க. தாகம் அதிகமா எடுத்தா, அடிக்கடி ஒண்ணுக்கு வந்தா, அன்னைக்கே வரணும்" என்றார். தலையாட்டிவிட்டுச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் செருகினேன்.

காப்புக் கட்டிய நாலாம் நாள் தாகம் பிடித்தது. சித்திரை வெயில், தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று பானக்காரத்தைச் சொம்பு சொம்பாகக் குடித்தேன். குடித்த அரை மணியில் வேலிப்பக்கம் ஓடுவேன். திரும்பி வந்து மறுபடி சொம்பு. ஒரு வாரத்தில் கன்னம் வற்றியது. ஏறின வேகத்தைவிட இறங்கின வேகம் அதிகம். எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "விரதம் ஒடம்புலயே தெரியுது" என்று பெரிசுகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இடுப்பில் ஏறாமல் கிடந்த சல்லடத்தை, அதுதான் சாமியாடி உடுத்துகிற அரைக்கால் உடுப்பு, இப்போது கயிறு போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

எறும்பைப் பார்த்தது அவள். பத்தாம் நாள் காலையில் வேலிப்பக்கம் போய்விட்டு வந்து என் முன்னால் நின்றாள். அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரையில் முதலில் ஒரு காலை எடுத்தார்கள், அப்புறம் உயிரும் போனது. அதனால் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நீங்க ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்ச்சுக் கெடக்கு."

"கரிசக்காட்டுல எறும்பு மொய்க்காம யானையா மொய்க்கும்?"

"சட்டைய அலசப் போட்டேன். சீட்டப் படிச்சிட்டேன். கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். கொடைக்கு இந்த வருசம் தம்பி ஆடட்டும்."

தம்பி என்று அவள் சொன்னது சித்தப்பா மகனை. கையில் இருந்த பித்தளைச் சொம்பை அவள் முகத்தில் எறிந்தேன். வாயில் பட்டு முன்பல் பாதி உடைந்தது. விரதக்காரன் பெண்டாட்டியை அடித்தால் விரதம் முறியுமா என்று சாஸ்திரத்தில் ஒன்றும் சொல்லவில்லை போல. ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்துவிட்டு, சொம்பை எடுத்துக் கழுவி, பானைமேல் கவிழ்த்து வைத்தாள். இதை எழுதும்போது எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் என்று இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. அன்றைக்கு நான் தாகத்தோடு இன்னொரு சொம்பு எடுத்தேன்.

கொடை நாள் மதியப் பூசை. தரையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கோயிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். சாமி இறங்கி நிற்கும்போது கயிற்றுக்கு உள்ளே பெண்கள் வரக்கூடாது. உறுமி முழங்க முழங்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது, கண் மங்கி மங்கித் தெளிந்தது. அருள் வருகிறது என்றே நானும் நினைத்தேன். கையில் வெட்டரிவாளைக் கொடுத்துக் கிடாயை முன்னால் இழுத்து விட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கிடாய்க்கு நான் இரண்டாவது வெட்டுப் போட்டதில்லை. அன்றைக்கு முதல் வெட்டு கழுத்தில் இறங்காமல் தோளில் இறங்கியது. கிடாய் கத்தியது. இரண்டாவது வெட்டு தாடையைப் பெயர்த்தது. பிடித்திருந்தவர்கள் முகமெல்லாம் ரத்தம். மூன்றாவது வெட்டில் தலை பாதி தொங்க, யாரோ கத்தியால் அறுத்து முடித்தார்கள். "சாமி கோவமா இருக்காரு" என்று கூட்டம் முணுமுணுத்தது. எனக்கோ அந்தக் கிடாயின் வலியைவிட, சித்தப்பா மகன் அதைப் பார்த்துவிட்டான் என்பதுதான் பெரிதாக உறைத்தது.

முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டேன். மூச்சு அடிவயிற்றிலிருந்து புஸ் புஸ் என்று வந்தது. நிறுத்த முடியவில்லை. என்னைத் தாங்கிப் பிடித்திருந்த சித்தப்பா மகன் என் முகத்துக்கு நேரே குனிந்தவன் நிமிர்ந்து, "சாமி வாயில பழ வாசம் வருது" என்றான். பெண்கள் குலவை போட்டார்கள். எத்தனையோ செல்போன்கள் உயர்ந்தன. அந்தப் பழ வாசம் சர்க்கரை முற்றினவன் மூச்சில் வருகிற வாசம் என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்றைக்கு அது கருப்பசாமி சாப்பிட்ட பழம்.

"தண்ணி" என்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாமிக்கு வெறுந்தண்ணீர் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பானக்காரம்தான். அண்டா நிறையக் கரைத்து வைத்திருந்தார்கள். முதல் சொம்பைக் குடித்தேன். தாகம் கூடியது. "தண்ணி, தண்ணி." இரண்டாவது சொம்பு. மூன்றாவது. நாலாவதில் வாந்தி எடுத்தேன். "சாமி ஊரு அழுக்க வெளிய தள்ளுதாரு" என்றார் ஒரு பெரியவர். ஐந்தாவது சொம்பை வாயைப் பிளந்து ஊற்றினார்கள்.

அப்போது கயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். "பொம்பள உள்ள வராத" என்று நாலு பேர் கத்தினார்கள். வந்தவள் சொம்பைத் தட்டிவிட்டாள்.

"இது சாமி இல்ல. சக்கரை. எங்க அப்பா போனதும் இப்பிடித்தான். வண்டியக் கூப்பிடுங்க."

சித்தப்பா மகன் சிரித்தான். "அண்ணனுக்கு ஏது மதினி சக்கரை? கல்லு கணக்கா இருக்காரு. போங்க வெளிய."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து, ஒரே குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னாள்.

"இவியளுக்கு எச்.ஐ.வி. இருக்கு. அதுக்கு மாத்திரை சாப்பிடுதாவ. அதுல சக்கரை ஏறியிருக்கு. போதுமா? இப்பம் வண்டியக் கூப்பிடுங்க."

உறுமி நின்றது. அரிவாள் இன்னும் என் கையில்தான் இருந்தது. எழுந்தேன். அரிவாள் இறங்கியது. அவள் இடது கை முழங்கைக்குக் கீழே பிளந்து, வெள்ளையாக எலும்பு தெரிந்து, அப்புறம் ரத்தம் மூடியது. நான் அவள் காலடியில் விழுந்தேன். அந்த ஒரு நொடியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. செல்போன் படத்தில் பார்த்ததும் அவள் சொன்னதும்தான். முதலில் கூட்டம் பின்வாங்கியது. பிறகு ஒரு ஆள், பதினைந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் ஈரல் வாங்குகிறவன், "இவன் கையால அறுத்ததயா தின்னோம்?" என்று கத்திக்கொண்டு வந்து என் விலாவில் மிதித்தான். அது பலருக்கும் வழி காட்டிவிட்டது. கையால் தொடப் பயந்தவர்கள் காலால் தொட்டார்கள். இடுப்பில் மிதித்தார்கள். முகத்தில் மண்ணை உதைத்துத் தள்ளினார்கள். ஒருத்தன் கம்பின் நுனியால் என் கையிலிருந்த காப்பை நெம்பி அறுத்தான். சித்தப்பா மகன் அண்டாவைக் காலால் கவிழ்த்துவிட்டு, ஒரு கல்லை எடுத்தான். மிதியில் எனக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. கொஞ்ச நேரம் முன்னால் என் காலில் விழுந்து விபூதி வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும்.

அவள் என் உடம்புக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து நின்றாள். வெட்டுப்பட்ட கையை உயர்த்தினாள். ரத்தம் முழங்கையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"வாங்கலே. கிட்ட வாங்க. எனக்கும் இருக்கு. ஒங்க மூஞ்சில தெளிச்சு விட்டுருவேன்."

சொன்னதோடு நிற்காமல் கையை உதறினாள். துளிகள் பறந்து முன்வரிசையில் விழுந்தன. ஈரல் வாங்குகிறவன் வேட்டியில் நாலு சொட்டு. அவன் வேட்டியை அங்கேயே அவிழ்த்தெறிந்துவிட்டு டவுசரோடு காட்டுக்குள் ஓடினான். சித்தப்பா மகன் கையில் இருந்த கல் கீழே விழுந்தது. கூட்டம் கயிற்றைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டிப் போய் நின்றது.

அவள் ரத்தத்தில் ஒன்றும் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறாள், இன்றுவரை இல்லை. இருந்திருந்தாலும் மேலே நாலு சொட்டுப் பட்டு ஒட்டிக்கொள்கிற சீக்கு இல்லை அது. இது அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்கும் தெரியாமல் போனதால்தான் நான் உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு மட்டும் இருந்த பேரை ஊர் முன்னால் தனக்கும் சேர்த்து எழுதிக்கொண்டாள். அதை இனி எந்த ஆஸ்பத்திரிச் சீட்டும் அழிக்காது. ஊருக்குச் சீட்டு வேண்டாம், வாய் வார்த்தை போதும்.

சேலைத் தலைப்பால் கையைக் கட்டிக்கொண்டு, ரத்த விரல் பட்டு வேலை செய்யாத போனைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் உச்சி வெயிலில் என் மேல் நிழல் விழும்படி நின்றாள். ஒருத்தரும் ஒரு துண்டு துணி தரவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த மிஷினில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவு என்று மட்டும் காட்டியதாம். நாலு நாள் நினைவில்லை. கண் விழித்தபோது கையில் குழாய், விலாவில் கட்டு. கூட்டு மாத்திரையில் இருக்கிற ஒரு மருந்து சிலருக்கு இப்படிச் செய்துவிடும், எல்லாருக்கும் செய்யாது என்றார் டாக்டர். அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தந்தார். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, சர்க்கரைக்கு இன்சுலின் தனியாகப் போட வேண்டும் என்றார். பதினைந்து நாள் விரதத்தில் என்ன சாப்பிட்டேன் என்பதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

அவளுக்கு வேறொரு வார்டில் கையைத் தைத்தார்கள். நரம்பு அறுந்திருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது. போலீஸ்காரர் வந்து கேட்டதற்கு, "சாமி ஆடும்போது பட்டுருச்சு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஊருக்குப் போனபோது கடைக்குக் கதவு இல்லை. கறி கொத்துகிற புளியங்கட்டையை நடுத்தெருவில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள். பாதி எரிந்து கிடந்தது. வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்துவிட்டோம். இப்போது நான் ஒரு மக்காச்சோளக் குடோனில் மூடை தைக்கிறேன். அரிவாளுக்குப் பதில் கோணி ஊசி. அவள் அந்தக் கையோடு வீட்டிலிருந்தபடி அப்பளம் காயவைத்துக் கட்டித் தருகிறாள். சித்தப்பா மகன்தான் இப்போது சாமியாடி.

இனி அந்த நொடி.

அதைப் பற்றி இரண்டு தீர்ப்பு இருக்கிறது. ஊர்த் தீர்ப்பு, கருப்பசாமிதான் வெட்டினார், தீட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டு இவனை விட்டு இறங்கினார் என்பது. டாக்டர் தீர்ப்பு, அந்த அளவு சர்க்கரையில் புத்தி கலங்கியிருக்கும், யாரை வெட்டுகிறோம் என்றே தெரிந்திருக்காது என்பது. எனக்கு இரண்டுமே வசதியாக இருந்தன. ஒரு வருஷம் இரண்டு கம்பளிக்குள்ளும் மாற்றி மாற்றிப் புகுந்து கிடந்தேன். ஆனால் அந்தப் படம் செல்போனில் இன்னும் சுற்றுகிறது. சாமிப் பாட்டு ஒன்றைச் சேர்த்து ஓட விட்டிருக்கிறார்கள். குடோனில் ஒருவன் நான்தான் என்று தெரியாமல் எனக்கே காட்டினான். அதில் என் கண் சுழன்றுகொண்டே இருக்கிறது. அவள் அந்தப் பேரைச் சொன்னதும் நிற்கிறது. அவள் மேல் நிற்கிறது.

எனக்குத் தெரியும். அவள் என்று தெரியும். அவள் ஏன் சொன்னாள் என்றும் தெரியும். என் உயிருக்காகச் சொன்னாள். என் மானத்தை எடுத்துவிட்டாள் என்ற ஆத்திரம் அந்த உயிரைவிடப் பெரிதாக இருந்தது. கிடாய்க்கு மூன்று வெட்டுப் போட்டும் முடிக்காத கை அவள் மேல் ஒரே வெட்டாக இறங்கியது. அதுவும் கைக்கு ஓங்கியதில்லை. கழுத்துக்கு ஓங்கினேன். அவள் கையைத் தூக்கியதால் கை.

இதை அவளிடம் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ஒருநாள் காலையில் இன்சுலின் மருந்தை அவள் ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டிருக்க, குப்பியை மற்ற விரல்களால் இடுக்கிப் பிடிப்பது வழக்கம். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கழுத்து என்பதையும்.

அவள் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழியைத் தட்டினாள்.

"வெட்டும்போதே தெரியும். என் கண்ணப் பாத்துத்தான ஓங்குனீய."

"தெரிஞ்சும் எதுக்கு என்னக் காப்பாத்துன?"

"செத்தவன்கிட்ட என்னத்தக் கேக்க? பொழைக்க வச்சுட்டுக் கேப்போம்னு நெனச்சேன்."

"கேளு" என்றேன். "இப்பம் கேளு."

"இன்னும் கேக்கல" என்றாள். "சட்டையத் தூக்குங்க."

தூக்கினேன்.